ஊட்டியில் ரெயின் ஷவரும் மூணு லிட்டர் ஹீட்டரும்

ஊட்டிக்குப் போய் வந்தாலே எல்லாரும் முதலில் கேட்பது இ-பாஸ். 2024 மே 7-லிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போக அது வேணும். வெளிநாட்டவர் மின்னஞ்சல் கொடுத்துப் பதியலாம். சிக்கல் இல்லை, விடுங்க. எழுத வேண்டியது வெந்நீரைப் பத்தி.

ஊட்டியில் பல விடுதிகள் பாத்ரூமைப் புதுசாக்கியிருக்காங்க. கண்ணாடித் தடுப்பு, வழவழ டைல்ஸ், தலைக்கு மேலே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ரெயின் ஷவர். லண்டன் பாத்ரூம் தோத்துடும். சுவத்து மூலையில் மட்டும் முயல்குட்டி சைஸில் ஒரு மூணு லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டர்.

டிசம்பர், ஜனவரியில் மொட்டைமாடித் தொட்டியின் பச்சைத்தண்ணி விடியக்காலையில் 12 டிகிரி இருக்கும்னு வைங்க. குளிக்க 40 வேணும், அதாவது 28 டிகிரி ஏத்தணும். 3 கிலோவாட் ஹீட்டர் நிமிஷத்துக்கு ஒன்றரை லிட்டரைத்தான் அப்படி ஏத்தும். பெரிய ரெயின் ஷவரோ நிமிஷத்துக்கு ஒன்பது லிட்டர் கொட்டும். அந்த வேகத்தில் ஓடும் தண்ணி அஞ்சு டிகிரிகூட ஏறாது. 12 வந்து 17 ஆகும், அவ்வளவுதான். ஹீட்டருக்குள்ளே முன்கூட்டியே காஞ்சு நிக்கிற மூணு லிட்டர் 60 டிகிரியில் இருந்தாலும், பச்சைத்தண்ணி கலந்து அஞ்சு லிட்டர். முப்பத்தஞ்சு விநாடியில் தீர்ந்துடும். சோப்பு போட்ட பிறகுதான் விஷயம் தெரியும்.

இதே ஹீட்டர் சென்னையில் ராஜா. அங்கே குழாயில் வர்றதே 28 டிகிரி, 12 ஏத்தினாப் போதும், நிமிஷத்துக்கு மூன்றரை லிட்டர் கிடைக்கும். லண்டன் வீட்டில் ரெயின் ஷவர் வேலை செய்யுதுன்னா அங்கே சமையலறை அலமாரிக்குள்ள ஒரு கேஸ் பாய்லர் 24, 30 கிலோவாட்டில் எரியுது. நம்ம ஆட்கள் ஷவரை மட்டும் பார்த்துட்டு வாங்கிட்டாங்க.

போன் பண்ணினா ரூம்பாய் சொல்ற பதில் மாறவே இல்லை: "கொஞ்ச நேரம் தண்ணிய விடுங்க சார், வந்துடும்." இது பழைய காலத்து உபதேசம், அந்தக் காலத்தில் சரியும்கூட. பின்கட்டில் விறகு பாய்லர் இருக்கும்; அங்கிருந்து ரூமுக்கு நூறடி அரை இஞ்ச் பைப் வந்தா, அதுக்குள்ளேயே நாலஞ்சு லிட்டர் ஆறிக் கிடக்கும். அதை வெளியே விட்டாத்தான் சூடு வரும். மாடியில் சோலார் வெச்ச இடத்துக்கும் அதே கதை (மேகம் மூடின மறுநாள் சோலாரை நம்பாதீங்க). ஆனா தலைக்கு மேலேயே இன்ஸ்டன்ட் ஹீட்டர் இருக்கும்போது தண்ணியத் திறந்து விட்டா, இருக்கிற மூணு லிட்டர் சூடும் சாக்கடைக்குப் போகும். அடியில் பச்சைத்தண்ணி நுழைஞ்சுதான் மேலே வெந்நீரைத் தள்ளும். எவ்வளவு வேகமாத் திறக்கிறோமோ அவ்வளவு சீக்கிரம் ரெண்டும் கலந்துடும்.

செய்ய வேண்டியது நேர்மாறு. ஷவரைத் தொடாம, கீழ்க் குழாயில் வெந்நீர்ப் பக்கத்தை மட்டும் விரல் தடிமனுக்கும் கீழே திறந்து வாளியைப் பிடிங்க. 17 லிட்டர் வாளி நிறையப் பன்னிரண்டு நிமிஷம் போல ஆகும். அதுவரை பல் தேய்க்கலாம்.

25 லிட்டர் ஹீட்டர் இருந்தா கவலை குறைவு. 2 கிலோவாட்டில் 12-லிருந்து 60-க்கு வர முக்கால் மணி நேரம். ஆனா காலை ஆறு மணிக்கு ஊரே ஹீட்டர் போடும்போது வோல்டேஜ் 180-க்கு இறங்கினா, சூடு பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கும்; அதே தண்ணிக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலே. அதனால அஞ்சு மணிக்கே போட்டுடுங்க. பத்து லிட்டர் வெந்நீர், ஏழு லிட்டர் பச்சைத்தண்ணி, சரியா நாற்பது டிகிரி.

இன்னொரு தொல்லை: ரூம் ஹீட்டர் 2,000 வாட், கீசர் 3,000, ரெண்டும் ஒரே 16 ஆம்பியர் எம்சிபியில் (அதிகக் கரண்ட் இழுத்தா தானா விழும் சுவிட்ச்). 22 ஆம்பியர் இழுத்தா உடனே விழாது. உள்ளே இருக்கிற பட்டை மெல்லச் சூடேறி வளையணும். ஆற அமர, நடுக் குளியலில் விழும். இருட்டு, குளிர், சோப்பு. ஒண்ணை அணைச்சுட்டு மத்ததைப் போடுங்க.

சில காட்டேஜில் கேஸ் கீசர். சூட்டுக்குக் குறையே சொல்ல முடியாது. ஆனா குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரை அட்டை வெச்சு அடைச்சிருந்தா அந்த பாத்ரூமில் குளிக்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, மயக்கம் வரும்போது கதவைத் திறக்கக் கை வராது. கீசரும் சிலிண்டரும் வெளியே இருக்கான்னு பார்த்துட்டு உள்ளே போங்க.

புக் பண்ணும்போது "24 மணி நேரமும் வெந்நீர் உண்டா"ன்னு கேட்டா எல்லா இடத்திலும் உண்டு. ஹீட்டர் எத்தனை லிட்டர்னு கேளுங்க, அப்போ ஒரு நிமிஷம் மௌனம் வரும்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு பழைய லாட்ஜில் ரெயின் ஷவரும் இல்லை, கண்ணாடியும் இல்லை. பின்னாடி இன்னும் விறகு பாய்லர், யூக்கலிப்டஸ் புகை வாசத்தோட. சொன்ன அஞ்சாவது நிமிஷம் வாசலில் ஆவி பறக்க ஒரு வாளி. செம்பு மட்டும் தனியாக் கேட்டு வாங்கணும்.