சாயம் ஏற்றிய பவளம்: தண்ணீர்மேல் பழி போட்டால் நம்பாதீர்கள்

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களும், வைக்கலாமா என்று யோசிப்பவர்களும் இதைக் கொஞ்சம் படியுங்கள். விவகாரம் இன்னும் முடியாததால் கடையின் பெயரைப் போடவில்லை.

சிங்கப்பூரில் ஒரு கடையில் 140 வெள்ளி கொடுத்து ஒரு லெதர் பவளம் வாங்கினேன். காளான் குடை மாதிரி விரியும் மென்பவளம், வளர்ப்பதற்கு எளிது. வழக்கமாகப் பழுப்பு, சந்தன நிறம், எப்போதாவது பச்சை அல்லது மஞ்சள். இதுவோ பளீரென்ற ரோஸ். "இந்தோனேசியாலேர்ந்து வந்த புதுச் சரக்கு அண்ணே, இந்தக் கலர் ரொம்ப ரேர்" என்றார் கடையில் வேலை செய்யும் தம்பி.

வீட்டில் பையைப் பிரித்தபோது தண்ணீரிலும் லேசான ரோஸ் தெரிந்தது. வெள்ளைக் கோப்பையில் ஊற்றிப் பார்த்தால் சந்தேகமே இல்லை. குடை, தண்டு, நீட்டிக்கொண்டிருந்த சின்னச் சின்னக் கைகள் எல்லாம் ஒரே நிறம். தண்டு ஒட்டியிருந்த கல்லின் ஓரத்தில்கூட ரோஸ் திட்டு. இயற்கையான லெதரில் பொதுவாகக் குடைக்கும் தண்டுக்கும் கொஞ்சமாவது வித்தியாசம் இருக்கும், பவளத்தின் நிறம் கல்லுக்கு ஏற வழியே இல்லை. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அது சளிண்ணே, ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்தது. பயணத்தில் பவளம் சளி விடும், சரி. ரோஸ் நிறச் சளி எங்கிருந்து வரும்?

அப்புறம் நிறம் இறங்க ஆரம்பித்தது. முதலில் குடையின் விளிம்பு, பிறகு நடுப்பகுதி, கடைசியில் முழுவதும் சுண்ணாம்பு வெள்ளை. கடையில் கேட்டதற்கு, "உங்க தண்ணில நைட்ரேட் ஏறிப்போச்சு" என்று சொல்லி, நிறம் கூட்டும் சொட்டு மருந்து என்று ஒரு பாட்டிலை 38 வெள்ளிக்குக் கொடுத்தார்கள். அதிலும் ஒன்றும் நடக்கவில்லை என்றதும் பேச்சு மாறியது. "வெயில்ண்ணே. நம்ம சிஸ்டர்ஸ் தீவுலயே பவளமெல்லாம் வெளுத்துப் போச்சே!"

இந்த இரண்டு பதில்களும் ஏன் பொய் என்று புரிய வேண்டுமானால், பவளத்துக்கு நிறம் எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். பவளத்தின் சதைக்குள் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியை வைத்து உணவு தயாரித்து, அதில் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. அவற்றின் நிறம் பழுப்பு. பச்சை, ரோஸ், ஊதா எல்லாம் பவளமே உருவாக்கும் புரதங்கள். நீல ஒளியில் பல பவளங்கள் தகதகவென்று மின்னுவதும் இவற்றால்தான்.

தண்ணீரில் நைட்ரேட், பாஸ்பேட் என்ற சத்துகள் ஏறினால், அல்லது வெளிச்சம் குறைந்தால், பாசி பெருகிப் பவளம் வழக்கமாகப் பழுப்பாகும். என்னுடையது வெள்ளையானது, நேர் எதிர்த் திசை! தண்ணீரைச் சோதிக்கும் என் டெஸ்ட் கிட்டில் நைட்ரேட், பாஸ்பேட், காரத்தன்மை எல்லாம் வழக்கமான அளவு. எதுவும் அசையவில்லை.

வெயில் கதைக்கு வருவோம். 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் சிஸ்டர்ஸ் தீவு உட்பட நம் சிங்கப்பூரின் தென் தீவுகளைச் சுற்றிப் பவளங்கள் வெளுத்தது உண்மை. கடல்நீர் வாரக்கணக்கில் இயல்பைவிடச் சூடாக இருந்ததால் பாசிகள் வெளியேறின. என் தொட்டியில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் ஓடுகிறது, 26 பாகையைத் தாண்டியதில்லை. பக்கத்திலேயே இருக்கும் மற்றப் பவளங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தொட்டிக் கோளாறால் பவளம் வெளுக்கவே வெளுக்காது என்று சொல்லவில்லை. திடீரென்று விளக்கைக் கூட்டினாலும், காரத்தன்மை எகிறி இறங்கினாலும், தண்ணீரில் சத்தே இல்லாவிட்டாலும் வெளுக்கும். ஆனால் அப்போது போவது பாசியின் பழுப்பு. அந்தப் பழுப்புத் திரை விலகினால் பவளத்தின் சொந்த நிறம் பல நேரம் இன்னும் தூக்கலாகத் தெரியும். அந்த ரோஸ் பவளத்துக்குச் சொந்தமானதாக இருந்திருந்தால், பைத் தண்ணீரில் கரைந்து வந்திருக்காது.

எனக்குப் புரிந்தவரை நடந்தது இதுதான்: ஏற்கெனவே வெளுத்து, பாசியை இழந்து, பட்டினியில் இருந்த பவளம். விலை போகாது என்று யாரோ சாயத்தில் முக்கியிருக்கிறார்கள். சாயம் வெளிச்சத்தையும் தடுக்கும், திரும்பவும் பாசி பிடிப்பது இன்னும் கஷ்டம். லெதர், கோனியோபோரா என்ற இன்னொரு பவள வகை, கடல் அனிமோன் இவற்றில் இந்தத் தில்லுமுல்லு உலகம் முழுக்கப் பழசு. கடைக்காரருக்குத் தெரியாமல் இறக்குமதியிலேயே வந்திருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பைத் தண்ணீர்ப் படத்தைப் பார்த்த பிறகும் பாட்டில் விற்றார்களே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வாங்கப் போகிறவர்கள் வெள்ளை விளக்கைப் போடச் சொல்லுங்கள், நீல விளக்கில் உண்மையான நிறம் தெரியாது. அரை நிமிட வேலை, மறுத்தால் நடையைக் கட்டுங்கள். கரௌசல் என்ற இணையச் சந்தையில் வரும் படங்கள் பல, நீல விளக்கில் கேமராவுக்கு ஆரஞ்சு ஃபில்டர் மாட்டி எடுத்தவை. வெள்ளை ஒளியில் ஒரு வீடியோ கேளுங்கள். தண்டின் அடியையும் கல்லையும் பாருங்கள்.

பாதிப் பணத்துக்குக் கடையிலேயே வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. சிறு கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 20,000 வெள்ளி வரை இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம், வக்கீல் தேவையில்லை. ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பைத் தண்ணீர்ப் படம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். இதே ரோஸ் லெதரை அண்மையில் வாங்கியவர்கள் இருந்தால் உங்கள் ரசீதையும் படங்களையும் அழித்துவிடாதீர்கள், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.