வைத்தீஸ்வரன் கோயில் நாடி ஜோதிடம்: பிறவியின் நோக்கத்தை ஓலை சொல்லுமா?

வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் உண்டா, உண்டென்றால் அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்விக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு நேரடியாக விடை சொல்லும் ஊர் தமிழ்நாட்டில் இருக்கிறது. மயிலாடுதுறைக்கும் சீர்காழிக்கும் இடையில் உள்ள வைத்தீஸ்வரன் கோயில், செவ்வாய்த் தலமாகவும் தீராத நோய் தீர்க்கும் தலமாகவும் பெயர் பெற்றது. ஒவ்வொருவரின் வாழ்க்கையும் பனையோலைச் சுவடிகளில் முன்பே எழுதப்பட்டிருப்பதாகச் சொல்லி, அதைப் படித்துக் காட்டுவது நாடி ஜோதிடம். அவ்வூரின் வீதிகளில் நாடி ஜோதிட நிலையங்களின் பெயர்ப் பலகைகளுக்குக் குறைவில்லை. என் பெரியம்மா விரும்பிக் கேட்டதால் அவற்றுள் ஒன்றுக்கு அவருடன் சென்றிருந்தேன். நிலையத்தின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை.

பெரியம்மா ஜோதிடத்தைப் பொழுதுபோக்காகப் பார்ப்பவர் அல்லர். படுக்கையில் விழுந்த மாமியாரைக் கடைசி மூச்சு வரை கவனித்தவர், கணவரையும் இழந்துவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். "எல்லாக் கடமையும் முடிந்துவிட்டது, இன்னும் எதற்காக என்னை வைத்திருக்கிறான்?" என்பது அவர் சில காலமாகவே கேட்டுவரும் கேள்வி. மருத்துவரிடமோ பிள்ளைகளிடமோ கேட்க முடியாத கேள்வி அது. இந்தச் சேவையை நாடி வருவோரில் பலர் இத்தகைய கேள்வியோடுதான் வருகிறார்கள் என்பதைக் காத்திருப்போர் அறையில் அமர்ந்து பேச்சுக் கொடுத்தாலே தெரிந்துகொள்ளலாம். ஆகையால், ஓலையில் சொன்னது பலித்ததா என்று பார்ப்பதைவிட, அந்தக் கேள்விக்கு அங்கே என்ன பதில் கிடைக்கிறது என்று பார்ப்பதே நியாயமான மதிப்பீடு என்று கருதுகிறேன்.

நடைமுறை எளிது. ஆணுக்கு வலக்கைப் பெருவிரல், பெண்ணுக்கு இடக்கைப் பெருவிரல் என்று ரேகையை மை ஒற்றி எடுத்துக்கொள்கிறார்கள். ரேகைகளை 108 வகையாகப் பிரித்து, அந்தந்த வகைக்குரிய ஓலைக்கட்டுகளைத் தேடி எடுப்பதாகச் சொல்கிறார்கள். அகத்தியர், கௌசிகர், வசிட்டர் முதலிய முனிவர்கள் ஞானத்தால் கண்டு அருளியவை இவை என்பது நம்பிக்கை. கட்டைப் பிரித்து ஓர் ஓலையை எடுத்தவர் கேட்கத் தொடங்கினார்: தந்தையார் பெயர் உயிரெழுத்தில் தொடங்குமா, உடன்பிறந்தவர்களில் நீங்கள் மூத்தவரா, பிள்ளைகளில் ஆண் ஒருவர்தானா? "ஆம்", "இல்லை" என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். "இல்லை" என்றதும் அந்த ஓலையை விட்டு அடுத்ததற்குப் போனார். ஒரு கட்டு தீர்ந்து அடுத்த கட்டு வந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, பெரியம்மாவின் பெயரும் பெரியப்பாவின் பெயரும் ஓர் ஓலையில் இருப்பதாக அவர் படித்தபோது பெரியம்மாவின் கண்கள் கலங்கிவிட்டன.

இதில் ஒரு கணக்கு இருப்பதைச் சொல்லியாக வேண்டும். ஆம், இல்லை என்ற விடைகள் ஒவ்வொன்றும் சாத்தியங்களைப் பாதியாகக் குறைப்பதாக வைத்துக்கொண்டால், 20 கேள்விகளில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட சாத்தியங்களிலிருந்து ஒன்றைத் தேர்ந்துவிடலாம். எங்களிடம் கேட்கப்பட்டவை அதற்கும் மேல். ஓலையில் படிக்கப்பட்ட குடும்ப விவரங்களுள் நாங்கள் ஏற்கெனவே ஏதோ ஒரு வகையில் சொல்லிவிடாதது எதுவும் இல்லை. இதைக் கொண்டு எல்லாமே ஏமாற்று என்று முடிவு கட்ட நான் முன்வரவில்லை. நம்பிக்கையோடு தலைமுறை தலைமுறையாக இதைச் செய்துவரும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் பெயர் சரியாக வந்துவிட்டது என்பதாலேயே அதற்குப் பின் சொல்லப்படும் அனைத்தையும் கேள்வியின்றி ஏற்கும் நிலைக்கு வந்தவர் தள்ளப்படுகிறார். அது கவலைக்குரியது.

படித்தவரின் குரலும் உச்சரிப்பும் மிக நன்றாக இருந்தன. செய்யுளைப் பாடுவதுபோல் படித்து, ஒவ்வோர் அடிக்கும் பொருள் சொல்லி, தாளில் எழுதியும் கொடுத்தார். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளவும் தடை சொல்லவில்லை. ஓலைப் பலன்களைக் காண்டங்கள் என்ற பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் காண்டம் பொதுப்பலன். அதன் பிறகு கல்வி, உடன்பிறப்பு, தாய், பிள்ளைகள், நோய், திருமணம், ஆயுள், தொழில் என்று 12 வரை தனித்தனிக் காண்டங்களும் தனித்தனிக் கட்டணமும் உண்டு. பொதுக்காண்டத்தில் பெரியம்மாவின் வாழ்க்கையை முதலிலிருந்து ஒழுங்காக, மரியாதையோடு, அவர் பட்ட சிரமங்களுக்கு ஒரு மதிப்பு கொடுத்துச் சொன்னார்கள். அவருடைய வாழ்க்கையை அப்படி முழுமையாக அவருக்கே யாரும் சொல்லிக் காட்டியதில்லை. அந்த அளவில் கொடுத்த கட்டணம் வீணாகவில்லை என்பதைத் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் எதற்காக இந்தப் பிறவி என்ற கேள்விக்கு முதல் 12 காண்டங்களில் விடை இல்லை. எது நடந்தது, எது நடக்கும் என்பதே அவற்றில் இருக்கிறது. விடை வேண்டுமானால் 13-ஆவதான சாந்தி காண்டம் பார்க்க வேண்டும் என்றார்கள். பார்த்தோம். முற்பிறவியில் முதிய பெற்றோரைக் கைவிட்ட பாவத்தால்தான் இப்பிறவியில் முதுமையில் தனிமை வாய்த்திருக்கிறது என்றும், அந்தக் கடனைக் கழிப்பதற்கே இந்தப் பிறவி என்றும் படித்தார்கள். மாமியாரைத் தன் கையால் குளிப்பாட்டிச் சோறூட்டிய ஒருவரைப் பார்த்துச் சொல்லப்பட்ட வார்த்தைகள் இவை. பெரியம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, அந்தப் பிறவி எனக்கு நினைவில்லையே. நினைவில்லாத ஒன்றுக்கு நான் எப்படி வருந்துவது?" என்று கேட்டார். "அதனால்தான் அம்மா, முனிவர் ஓலையில் எழுதி வைத்தார்" என்பது பதில். கேட்டவரின் கேள்வி அப்படியே நின்றது.

ஊழை முற்றாக நம்பியவர்கள் நம் நாட்டில் முன்பே உண்டு. புத்தர் காலத்தில் வாழ்ந்த மற்கலி கோசாலரைப் பின்பற்றிய ஆசீவகர்கள், எல்லாம் நியதிப்படியே நடக்கும், மனித முயற்சியால் அதில் அணுவளவும் மாற்ற முடியாது என்றார்கள். அவர்கள் தமிழகத்திலும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தவர்கள். அந்தக் கொள்கையை நான் ஏற்பதில்லை என்றாலும், அதில் ஒரு நேர்மை இருந்தது: மாற்ற முடியாது என்றால் மாற்றித் தருகிறோம் என்று யாரிடமும் சொல்ல முடியாது. நாடி நிலையத்திலோ, எல்லாம் முன்பே எழுதப்பட்டது என்றும் சொல்கிறார்கள், பரிகாரம் செய்தால் மாறும் என்றும் சொல்கிறார்கள். இது எப்படிப் பொருந்தும் என்று கேட்டேன். நீங்கள் இன்ன வயதில் ஓலை பார்க்க வருவதும் பரிகாரம் செய்வதும்கூட எழுதப்பட்டவையே என்று ஓலை படித்தவர் விளக்கினார். அப்படியானால் செய்யாமல் போவதும் எழுதப்பட்டதுதானே என்றபோது, அது உங்கள் விருப்பம் என்றார். பிறவியின் நோக்கத்தை யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு அன்று அந்த அறையில் கிடைத்த ஒரே நேரான விடை அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

பரிகாரத்திற்கு அவர்கள் சொன்ன தொகை, காண்டம் படித்த கட்டணத்தைப் போலப் பல மடங்கு. கோயில் கோயிலாகச் செய்ய வேண்டிய பூசைகளையும் மந்திர ஜெபத்தையும் தாங்களே செய்துவிடுவதாகவும், முன்பணம் கட்டினால் போதும் என்றும் சொன்னார்கள். பெரியம்மா கட்டவில்லை. யாரும் அவரைத் தடுக்கவும் இல்லை. "மாமியாருக்குச் செய்தது கடனுக்காகச் செய்ததில்லை, எனக்குத் தோன்றிச் செய்தேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துகொண்டார். அவர் வாழ்க்கையைப் பற்றி அன்று சொல்லப்பட்டவற்றுள் இதைவிடத் தெளிவான ஒன்றை நான் கேட்கவில்லை.

செல்ல விரும்புவோர் பொதுக்காண்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். முன்பதிவின்போது பெயர், பிறந்த தேதி எதையும் கொடுக்க வேண்டாம். ரேகை மட்டும் போதும் என்று அவர்களே சொல்வதால், அதை மட்டும் வைத்துப் பார்க்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பேருந்து நிறுத்தத்திலும் ரயில் நிலையத்திலும் அழைப்பவர்களைப் பின்தொடர வேண்டாம். எந்தக் காரணத்தாலும் அன்றே பரிகாரப் பணம் கட்ட வேண்டாம். துணையை இழந்தவர்களையும் நோயாளிகளையும் பிள்ளையை இழந்தவர்களையும் சாந்தி காண்டம் பார்க்க அழைத்துச் செல்லவே வேண்டாம். நிலையங்களை நடத்துவோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: உங்கள் முன் அமர்பவர் ஏற்கெனவே துயரத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால், அவருடைய துயரம் அவர் செய்த பாவத்தின் தண்டனை என்று படிப்பதற்கு முன்னால், அதைக் கேட்க விருப்பமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.