ஆயில்ல தண்ணி கலந்துருச்சா? ஹெட்டை கழட்ட விடுறதுக்கு முன்னாடி இங்க காட்டுங்க (சீலநாயக்கன்பட்டி பைபாஸ்)

இன்ஜின் ஆயில்ல கூலன்ட் (இன்ஜின் சூட்ட தணிக்க சுத்தி வர்ற தண்ணி) கலந்துருச்சுன்னு சொன்னாலே நம்ம சேலத்துல பாதி எடத்துல ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அத மேல மூடுற ஹெட்டுக்கும் நடுவுல இருக்குற பேக்கிங்) போச்சுங்கன்னு உடனே சொல்லிடுறாங்க. டெஸ்ட் எதுவும் கெடையாது, பானட்டை தூக்கி ஆயில் மூடிய திருப்பிப் பாத்துட்டு அவ்ளோதான். அப்படி சொல்லாம, எங்கிருந்து கலக்குதுன்னு கண்டுபுடிச்சுட்டு அப்புறம் ஸ்பேனர் எடுக்குற ஒரு பட்டறைன்னா அது இதுதான், அதுக்காகவே 5 ஸ்டார் குடுக்குறேன். கொறை இருக்கு, அதையும் சொல்றேன்.

என் வண்டி டீசல் ஹேட்ச்பேக். வீடு அஸ்தம்பட்டி, வேல ஏற்காட்டுல, அதனால கொண்டை ஊசி வளைவு இருபதும் வாரத்துல பாதி நாள் ஏறி எறங்குற வண்டி. கூலன்ட் டேங்க்ல லெவல் கொறைஞ்சுட்டே வந்துச்சு, கீழ ஒரு சொட்டு கூட ஒழுகல, ஹோஸ் எல்லாம் காய்ஞ்சு கெடக்கு. டிப்ஸ்டிக்க (ஆயில் அளவு பாக்குற கம்பி) உருவிப் பாத்தா ஆயில் பால் ஊத்துன காபி கலர்ல வழவழன்னு, அதுவும் மேக்ஸ் கோட்டுக்கு மேல நிக்குது. மொதல்ல காட்டுன எடத்துல (பேரு வேணாம்) ஹெட்ட கழட்டணும், லேத்துல குடுத்து பேஸிங் அடிக்கணும் (அடிப்பக்கத்த சமமா சீவணும்), போல்ட் எல்லாம் புதுசு போடணும், 60 ஆயிரத்துக்கு மேல ஆகும்னு சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம்தான் எங்க மாமா இந்த அண்ணன் நம்பர குடுத்தாரு.

போன்ல அவரு மொதல்ல சொன்னது, "தம்பி, இனிமே சாவி போடாதீங்க, ஓட்டிட்டு வராதீங்க, ரெக்கவரி வண்டில ஏத்தி விடுங்க". கூலன்ட்ல இருக்குற கிளைக்கால்ங்கற கெமிக்கல் ஆயிலோட சேந்தா ஆயிலோட வழவழப்பு போயி பேரிங்க தின்னுடும், மெதுவா ஓட்டிட்டு வந்துடலாம்னு வர்ற பத்து கிலோமீட்டர்ல கூட க்ராங்க் பேரிங் போயிடும்னாரு. இதை அடுத்தவங்களுக்கும் சொல்லுங்க, ஏன்னா முக்கால்வாசி பேரு ஓட்டிட்டுதான் போறாங்க.

வண்டி போனதும் கேள்வியா கேட்டாரு. ஹீட் ஏறுச்சா, வெள்ளைப் புகை வந்துச்சா, காலைல ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு சிலிண்டர் அடிக்காத மாதிரி குலுங்குச்சா, கூலன்ட் டேங்க்ல எண்ணெய் மெதக்குதா. ஏற்காடுன்னு சொன்னதும் இன்னொன்னு கேட்டாரு, மேலேயே சின்ன சின்ன தூரம் ஓட்டுவீங்களான்னு. மார்கழி பனில மேலேயே நிக்குற வண்டி, இன்ஜின் முழுசா சூடாகாம அஞ்சு நிமிஷம் ஓட்டி ஆஃப் பண்ணா உள்ள காத்துல இருக்குற ஈரமே ஆயில் மூடிக்கு அடியில மஞ்சளா க்ரீம் மாதிரி படியுமாம். அதுக்கு ஒண்ணும் பிரிக்க வேணாம், டிப்ஸ்டிக் சுத்தமா இருந்து கூலன்ட் லெவலும் கொறையலன்னா நல்லா ஒரு லாங் ஓட்டுனா போயிடும். மூடிய மட்டும் பாத்துட்டு ஹெட்ட கழட்டுன வண்டி நெறைய பாத்துருக்கேன்னாரு. என் வண்டில டிப்ஸ்டிக்லயே இருந்ததால அது இல்லன்னு ஆயிடுச்சு.

அடுத்து கூலன்ட் டேங்க் வாயில கை பம்ப் வச்ச கேஜ மாட்டுனாரு. இன்ஜின் ஆறின நெலமையில, மூடில போட்டிருக்குற அளவு, கிட்டத்தட்ட 1 பார் பிரஷருக்கு காத்து ஏத்திட்டு அப்படியே விட்டுட்டாரு. முள்ளு மெதுவா எறங்குது, வெளிய எங்கயும் ஈரம் இல்ல, அப்ப உள்ளதான் போகுது. ராத்திரி முழுக்க வண்டிய நிறுத்திட்டு மறுநாள் காலைல அடியில ஆயில் எறக்குற ட்ரெயின் போல்ட்ட கொஞ்சமே கொஞ்சம் லூஸ் பண்ணாரு, என்ன கூப்ட்டு குனிஞ்சு பாக்கச் சொன்னாரு. மொதல்ல வந்தது சுத்தமான பச்சை கூலன்ட், நூல் மாதிரி, அப்புறம் கலங்கலா, அப்புறம்தான் கருப்பு ஆயில். கூலன்ட் ஆயில விட கனம், அதனால அடியில தங்கி மொதல்ல வெளிய வருது. காசு கேக்குறதுக்கு முன்னாடி கண்ணுல காட்டுற மெக்கானிக்க இதுக்கு முன்னாடி நான் பாத்ததில்ல.

கூலன்ட் டேங்க்ல பழுப்பா ஒரு படலம் இருந்துச்சு, அதைத்தான் அவரு ரொம்ப நேரம் பாத்தாரு. இன்ஜின் ஓடும்போது ஆயில் பிரஷர் 3, 4 பார் கூட போகும், கூலன்ட் 1 பார் சுமார்தான், அதனால ஓடும்போது ஆயில் தண்ணிக்குள்ள தள்ளும். ஆஃப் பண்ணதும் ஆயில் பிரஷர் செத்துடும், ஆனா சூடு இருக்குற வரைக்கும் கூலன்ட்ல பிரஷர் நிக்கும், அப்ப தண்ணி ஆயிலுக்குள்ள வரும். ரெண்டு பக்கமும் கலந்திருக்குன்னா ஆயில் ஃபில்டர் பக்கத்துல இருக்குற ஆயில் கூலர் மேலதான் மொதல் சந்தேகம்னாரு. அதுக்குள்ள தகடு தகடா அடுக்கி ஒரு வழில ஆயிலும் இன்னொரு வழில கூலன்ட்டும் ஓடுது, நடுவுல தகடு ஓட்டையானா ரெண்டும் ஒண்ணாயிடும்.

ஆனாலும் சந்தேகத்தோட நிக்கல. பழைய ஆயில எறக்கிட்டு வெல கம்மியான ஆயில் ஊத்தி கொஞ்ச நேரம் மட்டும் ஓட்டி, டேங்க் வாயில நீலக்கலர் திரவம் வச்ச குழாய மாட்டுனாரு. சிலிண்டர்ல எரிஞ்ச கேஸ் கூலன்ட்ல வந்தா நீலம் பச்சையாவோ மஞ்சளாவோ மாறும், டீசல்ல கேஸ் கம்மியா வரும்னு கொஞ்சம் ரேஸ் பண்ணியும் பாத்தாரு, மாறல. கம்ப்ரஷனும் (சிலிண்டர் காத்த அமுக்குற அழுத்தம்) நாலு சிலிண்டர்லயும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. இதனால மட்டும் கேஸ்கட் நல்லாருக்குன்னு சொல்லிட முடியாது தம்பி, ஆயில் ஓட்டைக்கும் தண்ணி ஓட்டைக்கும் நடுவுல மட்டும் கேஸ்கட் போயிருந்தா இந்த டெஸ்ட்ல தெரியாதுன்னு அவரே சொன்னாரு. அந்த நேர்மைக்காகவே அவர் மேல நம்பிக்க வந்துச்சு.

கடைசியா கூலர கழட்டி, ஒரு பக்கத்த அடைச்சு, இன்னொரு பக்கம் காத்த குடுத்து பெயின்ட் வாளித் தண்ணில முக்குனாரு. கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல, திருப்புனதும் தகடு சேர்ற ஓரத்துல இருந்து பொடிப் பொடியா காத்துக் குமிழி வர ஆரம்பிச்சுது, வரிசையா நிக்காம வந்துட்டே இருந்துச்சு. புது கூலர், ஓரிங், பேக்கிங் எல்லாம் போட்டு திரும்ப அதே கேஜ மாட்டி காத்து ஏத்துனாரு, சாயங்காலம் வரைக்கும் முள்ளு அசையல. அப்பதான் கேஸ்கட் நல்லாருக்குன்னு வாய்விட்டு சொன்னாரு.

கழுவுற வேலைதான் உண்மையில பெரிய வேலையா இருந்துச்சு. வெல கம்மி ஆயில் ஊத்தி, ஐடில்ல ஓட்டி, எறக்கி, ஃபில்டர் மாத்தி, கலங்கல் நிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப. கூலன்ட் பக்கம் ஃப்ளஷ் போட்டு கழுவுனாரு, எண்ணெய் பட்டு ஊறி மெத்துன்னு ஆயிருந்த ஒரு ஹோஸையும் மாத்திட்டாரு. பழைய ஆயில் ஃபில்டர அறுத்து உள்ள இருக்குற பேப்பர விரிச்சு வெயில்ல வச்சு பேரிங் துகள் மின்னுதான்னு பாத்தாரு, நல்லவேள ஒண்ணும் இல்ல. 50க்கு 50 கலந்து கூலன்ட் ஊத்தி உள்ள மாட்டுன காத்த வெளிய எடுத்து குடுத்தாரு. எல்லாம் சேத்து 17 ஆயிரத்து சொச்சம், பழைய கூலரையும் கைல குடுத்துட்டாரு.

இப்ப கொறை. எடம் சின்னது, மூணு வண்டி நின்னா நாலாவது ரோட்டுலதான். கார்ட் மிஷின் கெடையாது. பார்ட்ஸ் கோயமுத்தூர்ல இருந்து வரணும்னு வண்டி சும்மா நின்னுச்சு, அந்த நேரத்துல நாமளா கூப்ட்டாதான் பதில் வரும், அவரா ஒரு மெசேஜ் போட மாட்டாரு. வேல முடியிற தேதி கேட்டா "பாத்து சொல்றேன் தம்பி"தான். தெனமும் வண்டி இருந்தே ஆகணும்ங்கறவங்களுக்கு இது கஷ்டம். பில்லு கையால எழுதித்தான் குடுத்தாரு, ஜிஎஸ்டி பில்லு கேட்டு வாங்குங்க, கேட்டா தர்றாரு.

500 கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்கன்னு சொல்லியிருந்தாரு, போனேன். டிப்ஸ்டிக், டேங்க் ரெண்டையும் பாத்துட்டு ஆயில மறுபடி ஒரு தடவ மாத்திடுங்க, உள்ள ஓரஞ்சாரத்துல ஒட்டுனது கரைஞ்சு வந்திருக்கும்னாரு, அதுக்கு கூலி வாங்கல. நேரா போயி நிக்காதீங்க, காலைல போன் பண்ணிட்டு போங்க, ஞாயித்துக்கெழம லீவு.