இரண்டாம் சுற்றா, வரிசை ஓட்டா? நியூயார்க் கணக்கு

நியூயார்க் நகர மேயர் போன்ற பதவிகளுக்கான கட்சி முதனிலைத் தேர்தலில் (கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்யும் தேர்தல்) யாருக்கும் 40 சதவீதம் கிடைக்காவிட்டால் முன்பெல்லாம் முதல் இருவருக்கும் இடையே இரண்டாம் சுற்று நடக்கும். 2021 முதல் வரிசை ஓட்டு: வேட்பாளர்களை விருப்ப வரிசையில் குறித்தால், கடைசியில் இருப்பவரை நீக்கி அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றி எண்ணுவார்கள்.

செலவு: 2013-இல் 'பப்ளிக் அட்வகேட்' (நகர மக்களின் குறைகளைக் கவனிப்பவர்) என்ற ஒரே பதவிக்கு நடந்த இரண்டாம் சுற்றின் செலவு சுமார் 1.3 கோடி டாலர் என்றார்கள், அந்த அலுவலகத்தின் ஆண்டு பட்ஜெட்டோ ஏறக்குறைய 23 லட்சம்தான்! வரிசை ஓட்டில் இந்தச் செலவே கிடையாது.

வசதி: இரண்டாம் சுற்றில் இரண்டே பெயர், குழப்பமில்லை, ஆனால் திரும்ப யார் வருவார்கள்? வரிசை ஓட்டில் ஐந்து பேர் வரை 1, 2, 3 என்று குறிக்கலாம், கொஞ்சம் பழக வேண்டும்.

எண்ணிக்கை: வரிசை ஓட்டில் இழுக்கும். 2021-இல் சோதனைக்காகப் போட்ட சுமார் 1,35,000 ஓட்டுகள் தவறுதலாக எண்ணிக்கையில் கலந்து சந்தி சிரித்தது தனிக்கதை.

ஏழெட்டுப் பேர் மோதும் நகரத்துக்கு வரிசை ஓட்டு. கடைசி இருவரை நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்தே ஆக வேண்டும், காசு போனால் போகட்டும் என்றால், சரி, இரண்டாம் சுற்று.