ஒரு வரிக் கட்டளைக்கு ₹64,500: ஸ்விட்சுக்கு ‘ரவுட்டிங் லைசென்ஸ்’ என்று கேட்டால் பணம் கொடுக்காதீர்கள்

நாங்கள் கட்டிய ₹64,500 முழுவதும், தேவையே இல்லாத ஒரு பொருளுக்கும் வாங்கப்படவே இல்லாத ஓர் உரிமத்துக்கும் போயிருக்கிறது என்பது நேற்று மாலைதான் உறுதியானது. இரவு முழுவதும் தூக்கமில்லை. கணக்குப் பிரிவில் இருந்துகொண்டே கணினி விஷயங்களையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் என்னைப் போன்றவர்கள் இன்னும் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களுக்காகவே, கோபம் ஆறுவதற்கு முன்பு இதை எழுதுகிறேன். என்ன செய்ய வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

நான் வேலை செய்வது திருப்பூரில் ஒரு சிறிய பின்னலாடை நிறுவனம். முன்கட்டடத்தில் அலுவலகமும் டேலி சர்வரும் இணைய இணைப்பும் இருக்கின்றன. செக்கிங், பேக்கிங் பிரிவுகளைப் பின்கட்டடத்துக்கு மாற்றியபோது, அங்குள்ள 11 கணினிகளுக்கு 192.168.20.0 என்று தனி நெட்வொர்க் ஒதுக்கினோம், அலுவலகத்துடையது 192.168.10.0. இரண்டும் தனித்தனி விலான்களாக (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்குகள்) அலுவலகத்தில் ஏற்கெனவே இருந்த ஒரே சிஸ்கோ 2960 ஸ்விட்சில்தான், அதாவது கணினிக் கேபிள்கள் வந்து சேரும் பெட்டியில்தான், வந்து சேர்ந்தன. பின்கட்டடத்திலிருந்து டேலியும் இணையமும் எட்ட வேண்டும் என்பது மட்டுமே எங்கள் தேவை. அதற்காக, தொழில்நுட்பப் பணியாளர்களை வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அனுப்பிவைக்கும் ஓர் இணையதளத்தின் வழியாக ஒருவரை வரவழைத்தோம்.

அவர் பேசிய விதத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு எரிகிறது. மேசை மேல் கிடந்த டெலிவரி சலானைத் திருப்பி, அதன் வெள்ளைப் பக்கத்தில் இரண்டு வட்டங்கள் போட்டு, நடுவே ஒரு கோடு இழுத்தார். “அக்கா, ரெண்டு ஊருக்கும் ரோடு இருக்கு, ஆனா வழி சொல்ல ஆள் இல்லை. அந்த ஆள்தான் ஓஎஸ்பிஎஃப். உங்க பழைய ஸ்விட்ச் லேயர் 2, அதுக்கு அது வராது. புது ஸ்விட்சும் ரவுட்டிங் லைசென்சும் இல்லாம ஒண்ணும் ஓடாது” என்றார். ஓஎஸ்பிஎஃப் என்பது ரவுட்டர்கள் தங்களுக்குள் வழிகளைத் தானாகப் பரிமாறிக்கொள்ளும் ஒரு ரவுட்டிங் புரோட்டோகால்; லேயர் 2 என்றால் ஒரு நெட்வொர்க்குக்குள் மட்டும் தகவலைக் கடத்தும், நெட்வொர்க்குகளுக்கு இடையே வழி காட்டாத ஸ்விட்ச். இதுவரை எந்தத் தொழில்நுட்பப் பணியாளரும் எனக்கு இப்படிப் பொறுமையாக விளக்கியதில்லை. அந்த ஒரு விளக்கத்தில்தான் நான் விழுந்தேன். முதலாளியிடம் நானே போய்ப் பரிந்து பேசினேன். ஸ்விட்சுக்கு ₹46,500 இணையதளத்தின் வழியாகவும், லைசென்சுக்கு ₹18,000 அவருடைய சொந்த யுபிஐ எண்ணுக்கும், ஆக மொத்தம் ₹64,500 போயிற்று. அன்று மாலையே பின்கட்டடத்தில் டேலி திறந்தது. வேலை முடிந்தது என்பதற்கான ஓடிபியையும் நான்தான் சொன்னேன்.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை, காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை பராமரிப்பு மின்தடை. யுபிஎஸ் மதியத்தோடு ஓய்ந்துவிட்டது. மின்சாரம் திரும்பியபோது பின்கட்டடத்தில் எதுவும் எட்டவில்லை. அவரை அழைத்தேன். “லைசென்ஸ் ஆக்டிவேட் ஆக 48 மணி நேரம் ஆகும்” என்றார். அப்படியானால் ஐந்து நாள் எப்படி ஓடியது என்று கேட்டதும் யுபிஎஸ் கோளாறு என்று மாற்றினார். மூன்றாம் அழைப்பிலிருந்து எடுக்கவே இல்லை. இணையதளத்தின் உதவிப் பிரிவோ, “ஓடிபி கொடுத்துச் சேவை நிறைவை நீங்களே உறுதிசெய்துவிட்டீர்கள், தளத்துக்கு வெளியே கொடுத்த பணத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல” என்று ஒரே பதிலை நான்கு முறை அனுப்பியது. பேக்கிங் பிரிவில் இருந்தவர்கள் பட்டியலைக் கையால் எழுதி, பின்கட்டடத்துக்கும் அலுவலகத்துக்கும் நடந்துகொண்டிருந்தார்கள்.

நேற்று, கோவையில் நெட்வொர்க் வேலையில் இருக்கும் என் சித்தி மகன் வந்து, ஸ்விட்சின் உள்ளமைப்பை நேரடியாகப் பார்க்க, புது ஸ்விட்சில் நீல நிறக் கன்சோல் கேபிளைச் செருகினான். ஆரம்ப அமைப்பைத் தொடங்கலாமா என்று திரை கேட்டது. அதாவது உள்ளே ஒரு வரிகூட இல்லை. போட்டதை அந்த ஆள் சேமிக்காமலே போயிருக்கிறார். அட்டைப்பெட்டியில் இருந்த சீரியல் எண்ணும் திரையில் வந்த எண்ணும் வேறு வேறு. நாங்கள் பணம் கட்டியதாகச் சொல்லப்பட்ட லைசென்ஸ் எதுவும் அதில் பதிவாகியிருக்கவில்லை.

“அக்கா, இதுக்கு ரவுட்டிங் புரோட்டோகாலே வேண்டாம். ரெண்டு நெட்வொர்க்கும் ஒரே பெட்டியிலதான் வந்து நிக்குது. ஒரே வீட்டுக்கு ரெண்டு வாசல், நடுவுல வழிகாட்டி எதுக்கு?” என்றான். எங்கள் பழைய 2960-இல் இருப்பது லேன் பேஸ் என்ற வகை மென்பொருள். 12.2(55)எஸ்இ பதிப்பிலிருந்து அதிலேயே 16 நிலையான வழிகள் (நாமே கையால் எழுதிவைக்கும் வழிகள்) வரை எழுத முடியுமாம். ஸ்விட்ச் தன் நினைவகத்தை எந்த வேலைக்கு ஒதுக்க வேண்டும் என்று சொல்லும் எஸ்டிஎம் அமைப்பை லேன்பேஸ் ரவுட்டிங்குக்கு மாற்றி, ஸ்விட்சை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, ஐபி ரவுட்டிங்கை இயக்கி, இரண்டு விலான்களுக்கும் முகவரி கொடுத்தான். பிறகு தெரியாத முகவரி எல்லாவற்றையும் ரவுட்டருக்கு அனுப்பும் ஒரே வரி: ஐபி ரூட் 0.0.0.0 0.0.0.0 192.168.10.1. ஸ்விட்ச் வெறும் லேயர் 2 ஆக இருக்கும்வரை, அதையே வெளி நெட்வொர்க்கிலிருந்து எட்ட டிஃபால்ட் கேட்வே வரி போதுமாம். ஐபி ரவுட்டிங்கை இயக்கிய பிறகு அந்த வரி கணக்கில் வராது என்பதால்தான் இந்த வரி வேண்டியிருக்கிறது என்றான். திரும்பி வரும் வழிக்காக ரவுட்டரிலும் ஒரு வரி எழுத வேண்டும் என்று அதன் பக்கத்தைத் திறந்தான். அங்கேதான் என் கோபம் தலைக்கேறியது. 192.168.20.0 நெட்வொர்க்குக்கு 192.168.10.2 (ஸ்விட்சின் முகவரி) வழி என்ற அந்த வரி, அந்த ஆள் கையால் அடித்தபடியே அங்கே இருந்தது. எங்கள் ரவுட்டருக்கு ஓஎஸ்பிஎஃப் தெரியாது. ஆக, ஓஎஸ்பிஎஃப் இல்லாமலே வேலை முடியும் என்பது அவருக்கு முழுமையாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் ₹64,500 வாங்கியிருக்கிறார்.

பழைய ஸ்விட்சிலேயே நாற்பது நிமிடத்தில் டேலி திறந்தது. சேமித்தும் வைத்தான், நிறுத்திப் போட்டுக் காட்டினான்.

விரிவான ஆலோசனை எழுத நினைத்திருந்தேன். ரசீதுகளோடு முதலாளி அறைக்குப் போக வேண்டியிருப்பதால் அவசரமாகச் சொல்கிறேன். ஒரே ஸ்விட்சில் சேரும் இரண்டு மூன்று நெட்வொர்க்குகளுக்கு எவராவது புரோட்டோகால் லைசென்ஸ் என்று பேசினால், உங்கள் ஸ்விட்சின் மாடலையும் மென்பொருள் பதிப்பையும் எழுதி வாங்கி இன்னொருவரிடம் காட்டுங்கள். சொந்த யுபிஐக்குப் பணம் அனுப்பாதீர்கள். ஸ்விட்சை ஒருமுறை நிறுத்திப் போட்டுப் பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள். பெட்டியில் உள்ள எண்ணைத் திரையில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகார் பதிந்துவிட்டேன். அந்த இரண்டு வட்டச் சலானையும் ரசீதுகளோடு சேர்த்துப் பின் அடித்து வைத்திருக்கிறேன்.