தேயிலைத் தோட்டத்து நடுவே ஒரு கூட்ட அரங்கு: கோத்தகிரிப் பக்கத்துப் பழைய ஆலயம்

கோத்தகிரியிலிருந்து குன்னூர் செல்லும் சாலையை விட்டுச் சற்று விலகித் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நிற்கும் அந்தச் சிற்றாலயத்தில் ஞாயிறு ஆராதனை இன்றும் தவறாமல் நடக்கிறது. மற்ற நாள்களில், எந்தச் சமயத்தவர் கேட்டாலும், கூட்டத்துக்கும் வளைகாப்புக்கும் கண் மருத்துவ முகாமுக்கும் சபையார் அதைத் திறந்துவிடுகிறார்கள். எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் ஆண்டுக் கூட்டத்தை ஐப்பசியில் அங்கே நடத்தினோம்.

இந்தப் பக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைதான் பலம். தகரக் கூரை போட்ட மண்டபங்களில் அந்த மழை பிடித்துக்கொண்டால் மைக் இருந்தும் பேச்சு காதில் விழாது. இங்கே மங்களூர் ஓடும் அதன் அடியில் பலகைத் தளமும் இருப்பதால், பின்வரிசையில் இருந்த பாட்டிமாருக்கும் வரவு செலவுக் கணக்கு தெளிவாகக் கேட்டது. மங்களூரில் 1865இல் பாசல் மிஷன் என்ற சுவிஸ் கிறிஸ்தவ ஊழிய அமைப்பு தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவிய இந்த வகை ஓட்டில் ஒன்று உடைந்தால் அதை மட்டும் உருவி வேறொன்றைச் செருகலாம் என்பதால், பராமரிப்பும் ஊர்க் கொத்தனாரின் கைக்கு எட்டியதாகவே இருக்கிறது.

பெஞ்சுகளைத் தரையோடு பிணைக்காமல் விட்டதும், சமையலை வெளிக்கொட்டகைக்கு மாற்றியதும் சபையாரின் நல்ல முடிவுகள். பீடத்தை ஒரு திரை மறைக்கிறது. அதற்கு முன்னால் செருப்புடன் போகக் கூடாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு.

குறை வடக்குச் சுவரில் இருக்கிறது. கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவருக்கு அண்மையில் சிமெண்டு பூசியிருக்கிறார்கள். சுவர் உறிஞ்சும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியேறி உலரும். சிமெண்டு அதைத் தடுத்துவிடும். முழங்கால் உயரத்தில் பூச்சு உப்பி, விரல் பட்டதும் வெள்ளை உப்பாக உதிர்கிறது. அதை ஒட்டியே மின்சார சுவிட்சுப் பெட்டி இருப்பதுதான் எனக்குப் பெரும் கவலை. சிமெண்டைக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்பே பூசி, தாழ்வாரத் தூம்பைச் சீர்செய்தால் தீரக்கூடிய சிக்கல்தான் இது. வாடகைப் பணத்தை முதலில் இதற்கே செலவிட வேண்டும்.

1829இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயத்துக்கு, ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு சுல்தான் அரண்மனையிலிருந்து உத்திரங்கள் வந்த கதையைக் கேட்டே பயணிகள் போகிறார்கள். இந்த ஊர் ஆலயத்துக்கு அப்படியொரு கதை கிடையாது. ஊர்க்காரர்கள் வாரத்தில் பாதி நாள் கதவைத் திறந்து புழங்குவதால்தான் ஓட்டை ஒடிசல் உடனே கண்ணில் படுகிறது. பூட்டிக் கிடக்கும் தோட்டத்து ஆலயங்களில் கரையான் உத்திரத்தைத் தின்று முடித்த பிறகே விஷயம் தெரிய வருகிறது.

வாடகை நியாயம். கழிப்பறை ஒன்றுதான், அதுவும் படியிறங்கிப் போக வேண்டிய இடத்தில் இருப்பதால் முதியோரை அழைப்பவர்கள் துணைக்கு ஆள் வைத்துக்கொள்வது நல்லது. வேன் ஆலய வாசல் வரை வராது. கிறிஸ்துமஸை ஒட்டிய நாள்களில் கூடம் கிடைக்காது. மற்ற நாள்களுக்குச் சபைச் செயலரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.