மகளுக்கு வீடு: கலியாணத்தோடு நன்கொடை உறுதியா, மரணசாசனமா?

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கே வீடு கொடுப்பது தாய்வழிக் குடிமரபு. ஆனால் இப்பகுதியின் பழைய வழக்காற்றுச் சட்டமான முக்குவர் சட்டம் இன்று நடைமுறையில் இல்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையும் இங்கே பொருந்தாது. ஊர் வழக்கத்தை மட்டும் நம்பியிருந்தால் மகளுக்குப் பாதுகாப்பில்லை.

நன்கொடை உறுதி (கொடைப் பத்திரம்): வீடு உடனே அவள் பெயருக்கு மாறும். நொத்தாரிசும் (உறுதி எழுதும் சட்ட அலுவலர்) இரண்டு சாட்சிகளும் வேண்டும். மகள் ஏற்றுக் கையொப்பமிட்டதும் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். முத்திரைச் செலவு உண்டு.
மரணசாசனம் (உயில்): இப்போது செலவு குறைவு, மனம் மாறினால் திருத்தலாம். பெற்றோர் இறந்தபின் நீதிமன்ற அலைச்சல் மகளுக்கு.

உறுதியில் ‘சீவிய உரித்து’ வசனத்தை விட்டுவிடுவதுதான் பெரிய பிழை. அது இருந்தால் தாய் தகப்பன் கடைசிவரை அங்கேயே உரிமையோடு இருக்கலாம்.

அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி வேறு கதை. பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது; மகளைப் பின்னுரித்தாளராக (உங்களுக்குப் பின் காணியைப் பெறுபவராக) பதியுங்கள். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு அட்டவணை நீண்டகாலம் பெண்பிள்ளைகளுக்கு முன்னே ஆண்பிள்ளைகளையே வைத்திருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகும் பல வீடுகள் ‘குடும்பத் தலைவர்’ என்று கணவன் பெயரில் எழுதப்பட்டன. தாயிடமிருந்து மகளுக்கு வந்த உரிமை ஒரு படிவத்தில் கைமாறிப்போனது. இது பெரும் அநியாயம்.

ஒரே மகள், உறுதிக் காணி (பெர்மிட் அல்லாத சொந்தக் காணி) என்றால் சீவிய உரித்தோடு உறுதியே நல்லது. பல பெண்பிள்ளைகள், வீடு இன்னும் கட்டி முடியவில்லை என்றால் இப்போதைக்கு மரணசாசனம். ஒவ்வொரு கலியாணத்தோடும் அதைத் திருத்துங்கள்.